தேன்கொம்பையில் யாரும் ஜெயிக்காத மூன்று வருடங்கள்

2023 ஜனவரி 22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்குப் பிறகு தேன்கொம்பையில் யாரும் எதிலும் ஜெயிக்கவில்லை. தோற்கவும் இல்லை. கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்தால் நாற்பது நிமிடத்தில் வரும் ஊர் அது. ஒரு செபஸ்தியார் கோயில், கோயிலை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம், பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு ஃபேக்டரி, எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேக்கரிகள், சரிவில் ஒரு எஸ்டேட். அன்று கோயில் ஹாலில் நடந்த சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டம் டிராவில் முடிந்ததுதான் இதற்குக் காரணம் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அப்போது தெரியவில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்ததால் யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

போட்டியை நடத்தியது செபஸ்தியார் இளைஞர் மன்றம். மன்றத்தில் ஐம்பது வயதுக்குக் குறைந்த இளைஞர் ஒருவரும் கிடையாது. திருவிழாவை ஒட்டி வருடா வருடம் போட்டி நடக்கும். பரிசுக்குச் சுழற்கோப்பை என்று பெயர் இருந்தாலும் அது சுழன்றதாகத் தகவல் இல்லை. பதினொரு வருடமாக ஞானசீலன் சார் வீட்டு ஷோகேஸிலேயே இருந்தது. ஞானசீலன் கோயில் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பங்குப் பேரவையின் துணைத் தலைவர், ஊரில் எந்த விண்ணப்பம் எழுதினாலும் சிபாரிசுக் கையெழுத்துக்கு எல்லோரும் தேடிப் போகிற ஆள். சதுரங்கத்தில் அவரைப் பெரிய ஆள் என்று சொல்ல முடியாது. குன்னூரில் ஒருமுறை எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணிடம் பதினாறே நகர்த்தலில் தோற்றுவிட்டு, மேஜை ஆடியது என்று புகார் எழுதிக் கொடுத்தவர். ஆனால் தேன்கொம்பையில் அவருக்கு எதிரே உட்காருகிறவர்கள் ஒன்று அவருடைய பழைய மாணவர்கள், இல்லையென்றால் அவருடைய கையெழுத்து தேவைப்படுகிறவர்கள். சாருடைய முழங்கை பட்டு ஒரு காய் விழுந்தால்கூட, எதிராளியே எடுத்து அவருக்குச் சாதகமான கட்டத்தில் நிறுத்தி வைப்பார்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தவர் தங்கையா. எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருடம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். பன்னிரண்டு வயதில் கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். சதுரங்கம் அங்கேயே லயத்து வாசலில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், கற்றுக்கொண்டது. அதனால் அவருடைய பலகையில் ராஜாவுக்குப் பெரிய தொரை என்று பெயர், ராணிக்குத் தொரைசாணி, குதிரைக்குக் கங்காணி. சிப்பாய்களுக்குப் பெயர் இல்லை, ஆள் என்பார். அவரவர் காயை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது மன்றத்தின் வழக்கம் என்பதால், தங்கையா ஒரு பிஸ்கட் டின்னில் தன் கறுப்புக் காய்களைக் கொண்டுவந்தார். தொலைந்துபோன ஒரு யானைக்குப் பதிலாக அதில் டார்ச் பேட்டரி ஒன்று இருந்தது. ஞானசீலன் அதற்கு ஆட்சேபணை தெரிவித்துவிட்டு, பெருந்தன்மையாக வாபஸ் வாங்கிக்கொண்டார்.

தங்கையாவின் மனது சதுரங்கத்தில் இருந்திருக்க வேண்டிய வாரமே இல்லை அது. அவரும் மனைவி கருப்பம்மாவும் மகள் வாசுகியும் குடியிருந்த எஸ்டேட் லயத்தை இடித்துவிட்டு, அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த ரிசார்ட் கட்டக் கம்பெனி முடிவு செய்திருந்தது. நாற்பத்திரண்டு வீடுகளையும் காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கில் செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. தீர்ப்பு என்னவாக இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. லயத்து ஆட்கள் அதுவரை எந்த வழக்கிலும் ஜெயித்ததில்லை. பாதிப் பேர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டார்கள். தங்கையாவும் கட்டினார். கட்டி முடித்த கையோடு, தோற்பதுதான் தோற்கிறோம், அதற்குள் ஒன்றையாவது ஜெயித்துவிட்டுப் போகலாம் என்று போட்டிக்குப் பெயர் கொடுத்தார்.

இறுதி ஆட்டம் காலை ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கி, இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் செய்த தப்புகளால் முன்னேறி, பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு விசித்திரமான இடத்தில் வந்து நின்றது. ஆளுக்கு ஒரு ராஜா, ஆளுக்கு ஒரு சிப்பாய். சிப்பாய்கள் இரண்டும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றன. ராஜாக்கள் பக்கத்துக்கு ஒருவராக நின்று தன் சிப்பாயைக் காத்துக்கொண்டும் எதிராளியின் சிப்பாய்மேல் கண் வைத்துக்கொண்டும் இருந்தார்கள். இந்த நிலையில் யார் முதலில் நகர்கிறாரோ அவர் தோற்பார். நகர்ந்தால் தன் சிப்பாயை விட்டு விலகியாக வேண்டும். விலகினால் எதிராளி அதை வெட்டிவிட்டுத் தன் சிப்பாயைக் கடைசிக் கட்டம்வரை நடத்தி ராணியாக்கிவிடுவார். தங்கையா ராஜாவை அந்தக் கட்டத்தில் வைத்துக் கையை எடுத்தார். அதே நொடியில் மூவேளை செபத்துக்குக் கோயில் மணி அடித்தது.

ஹாலில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். நடுவர் சில்வஸ்டர், அவர்தான் கோயில் உபதேசியார், கண்ணை மூடிச் செபத்தைத் தொடங்கினார். தங்கையா மாரியம்மனைக் கும்பிடுகிறவர் என்றாலும் மரியாதைக்கு எழுந்து நின்றார். வேடிக்கை பார்க்க வந்த நான்கு பேரில் மூன்று பேர் ஏற்கெனவே பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார்கள். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து, செபம் முடிகிறவரை இருந்துவிட்டுப் போயிற்று. எல்லோரும் உட்கார்ந்தார்கள். மன்றத்துக்கு இருந்த ஒரே சதுரங்கக் கடிகாரம் இரண்டு வருடமாக ஓடவில்லை. இப்போது யாருடைய முறை என்று சில்வஸ்டருக்குத் தெரியவில்லை. ஞானசீலனுக்கு நன்றாகத் தெரியும். தன் முறை என்று தெரியும், நகர்ந்தால் தோல்வி என்றும் தெரியும். அவர் நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் ஒரு புன்னகையை வரவழைத்துக்கொண்டு, கையை நீட்டிக் காட்டினார்.

"வைங்க தங்கையா, நீங்க வைங்க."

"இல்லைங்க சார், நீங்கதான் வைக்கணும்."

"பரவால்லீங்க, நீங்களே வைங்க."

"சார் இருக்கையில நான் எப்படிங்க முந்துறது?"

இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஞானசீலன் தங்கையாவை "ஏப்பா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "நீங்க" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ராஜாவுக்கு ஆபத்து என்றதும் வாயில் மரியாதை ஊறிவிட்டது. நாற்பது நிமிடம் இருவரும் ஒருவரை ஒருவர் உபசரித்தார்கள். கல்யாணப் பந்தியில்கூட இந்த ஊரில் அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. தங்கையா ஒரு தடவையாவது "பொய் சொல்றீங்க சார்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாசுகியின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தில் சாருடைய கையெழுத்து பாக்கி இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்குப் பசி தாங்காத சில்வஸ்டர் எழுந்து, ஆட்டம் டிரா என்று மினிட் புத்தகத்தில் எழுதி, தேதி போட்டு, அண்டாவை நோக்கி நடந்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் எட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டார்கள். மூன்று மணிக்குக் கயிறு இழுக்கும் போட்டி தொடங்கியது. கயிறு ஒரு பக்கமும் நகரவில்லை. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் இழுத்துப் பார்த்துவிட்டு, இரு தரப்பும் கயிற்றின் இரண்டு நுனிகளையும் இரண்டு சில்வர் ஓக் மரங்களில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்தது. நிலம் கம்பெனிக்குச் சொந்தம், அதில் சந்தேகமே இல்லை என்று பதினான்கு பக்கம். குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டியதில்லை, அதிலும் சந்தேகமே இல்லை என்று பதினான்கு பக்கம். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கே இரண்டு நீதிபதிகள், ஆளுக்கொரு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதிக்கு அனுப்பினார்கள். அவர் கோப்பைத் திறந்து வைத்து, பேனாவைக் கையில் எடுத்து, அப்படியே இருந்தார். லயத்தில் பாத்திரச் சாக்குகளை அவிழ்த்து, சட்டி பானைகளைத் திரும்ப அடுக்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்வதானால் ஒரு நாள் போதாது. வார்டு தேர்தலில் இரண்டு வேட்பாளர்களும் இருநூற்றுப் பதினொரு ஓட்டு. குலுக்கல் போட்டால் இரண்டு சீட்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. கட்டபெட்டு வளைவில் மேலே போன பஸ்ஸும் கீழே வந்த பஸ்ஸும் நீ ஒதுங்கு நான் ஒதுங்கு என்று எதிரெதிரே நின்றன. இரண்டு டிரைவரும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பயணிகள் மாறி ஏறிக்கொள்ள, பஸ்கள் வந்த வழியே ரிவர்ஸில் போயின. இன்றுவரை அந்த வளைவில் அப்படித்தான் நடக்கிறது. தோட்டத்துக்குள் புக வந்த காட்டெருமையும் அதைத் தடுத்த வேலியும் சமரசமாகிவிட்டதில், அது முன்னங்கால்கள் உள்ளேயும் பின்னங்கால்கள் வெளியேயுமாக நின்று, வாய்க்கு எட்டிய வரை மேய்ந்தது. காண்ட்ராக்டர் பாலுவுக்கு டாக்டர் மூன்று நாள் கெடு சொல்லியிருந்தார். அவர் அந்த மூன்றாவது நாளிலேயே இரண்டரை வருடமாக இருந்தார். காலையில் எழுந்து மட்டன் கேட்பார், மாலையில் படுத்துக்கொண்டு மகன்களைக் கூப்பிட்டு ஆசி வழங்குவார். மகன்கள் ஆசியை வாங்கிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள்.

ஊரில் பெரிய மனிதர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இளைத்துப் போனார்கள். ஜெயித்துப் பழகியவர்களுக்கு டிரா என்பது பெரிய வியாதி. ஃபேக்டரி முதலாளி தூக்கம் வரவில்லை என்று ஊட்டி போய் மாத்திரை வாங்கி வந்தார். முன்னாள் கவுன்சிலர் தன் வீட்டு நாயிடமே வாக்குவாதம் செய்து பார்த்தார். அதுவும் சமமாகத்தான் முடிந்தது. இரண்டு பேக்கரிக்காரர்களும் எதிர்க்கடையில் எத்தனை வர்க்கி போகிறது என்று எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனார்கள். ஆனால் லயத்தில் மட்டும் எல்லோருக்கும் சதை பிடித்தது. எடை போடும்போது இலையில் ஈரம் என்று சொல்லி சூப்பர்வைசர் இரண்டு கிலோ கழிப்பார். கழித்த இரண்டு கிலோவைத் தராசு திரும்பக் கூட்டிக் காட்டும். லீவு கேட்டால் கொடுக்க மாட்டார்கள், எடுத்துக்கொண்டால் கேட்கவும் மாட்டார்கள். வாழ்க்கை பூராவும் தோற்றே வந்தவர்களுக்கு, தோற்காமல் இருப்பது இவ்வளவு சுகமா என்று ஆச்சரியமாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

எல்லோரையும்விடக் கஷ்டப்பட்டது பியாட்ரிஸ். ஞானசீலனின் மனைவி. முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்த அம்மாள் ஒரு சண்டையில்கூடத் தோற்றதில்லை. இப்போது எந்தச் சண்டையும் கரையேறுவதில்லை. அவர் ஒன்று சொன்னால் கணவர் ஒன்று சொல்கிறார், இரண்டும் சரியாகவே இருக்கிறது. வெற்றியின் ருசி போய் அவருக்குச் சோறே இறங்கவில்லை. தவிர, அவருக்கு ஓர் உண்மை தெரியும். வேடிக்கை பார்த்த நான்கு பேரில் பிரியாணிக்குப் போகாத நான்காவது ஆள் அவர்தான். டீ ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தவர், தங்கையா காயை வைத்துக் கையை எடுத்ததையும் மணி அடித்ததையும் ஒன்றாகப் பார்த்திருந்தார். கணவருடைய மானம் என்று அதுநாள்வரை வாயைத் திறக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் சில்வஸ்டர். மினிட் புத்தகத்தைப் புரட்டும்போது, அந்த ஞாயிறு காலை பதினொன்றரைக்கு நடந்த கேரம் இறுதி ஆட்டம்வரை எல்லாவற்றுக்கும் ஒரு வெற்றியாளர் இருப்பதையும், சதுரங்கத்துக்குப் பிறகு ஒருவர்கூட இல்லாததையும் கண்டார். சதுரங்கப் பலகையும் ஹாலில் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்றவர்களும் கூடாது என்றவர்களும் சரிசமமாக இருந்ததால், சோறு வடிக்கும் கூடை ஒன்றைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார்கள். கூட்டம் போட்டார்கள். இந்த வருடத் திருவிழாவில் அதே ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து ஆடி முடிப்பது என்று பேச்சு வந்தது. யாருடைய முறை என்று மட்டும் ஒருவர் ஒப்புக்கொண்டால் போதும். ஞானசீலன் தனக்கு ஞாபகமில்லை என்றார். லயத்து ஆட்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் விட்டோம் என்ற நினைப்பும் யாருக்கும் வரவில்லை.

கம்பெனி மேனேஜர் மட்டும் ஜீப்பில் லயத்துக்கே வந்தார். ஷூவில் சேறு படாமல் ஒரு கல்லின்மேல் நின்றுகொண்டு, அன்று தன்னுடைய முறைதான் என்று தங்கையா சொல்லிவிட்டால் அவருக்கு மட்டும் டவுனில் சொந்தமாக ஒரு வீடு தருவதாகச் சொன்னார். தங்கையா பணிவாகத் தலையை ஆட்டினார்.

"வீடா? இப்பவும் வீட்டுலதானே தொரை இருக்கேன். இந்தா, ஒங்களுக்குப் பின்னால நிக்குதே."

ஆனால் மேனேஜர் போன பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் முறை என்று பொய் சொல்லித் தோற்கும் எண்ணம் அவருக்கு ஒரு நாளும் இல்லை. அவரைப் பிடுங்கித் தின்றது வேறு. அந்த ஆட்டத்தில் அவர் ஜெயித்திருந்தார். உண்மையாகவே ஜெயித்திருந்தார். கப்பலில் ஏறும்போது பெயரைத் தப்பாக எழுதினார்கள், தோற்றார். மண்டபம் முகாமில் கொடுத்த தாளைத் தொலைத்தது நீதான் என்றார்கள், தோற்றார். வேலை நிரந்தரம் என்றார்கள், ஆகவில்லை. அறுபது வயதுக்கு மேல் கைக்கு வந்த ஒரே வெற்றி, சோற்றுக்கூடைக்கு அடியில் மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் அவருக்கு ஆசை. வெட்கம் கெட்ட ஆசை. சாப்பிடும்போதும் விரல்கள் இலையின்மேல் அந்த ராஜாவை நகர்த்திக்கொண்டிருக்கும். கருப்பம்மாவுக்கும் அதே ஆசைதான். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதன் ஒன்றையும் ஜெயித்து அவள் பார்த்ததில்லை.

கோத்தகிரியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் வாசுகி ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் வராததுமாக அப்பாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க ஜெயிச்சீங்கன்னா அன்னைக்கே ஊருல எல்லாரும் மறுபடி ஜெயிக்க ஆரம்பிச்சுருவாங்க."

"ஜெயிக்கட்டுமே. நமக்கென்ன வந்துச்சு?"

"எல்லாரும் ஜெயிச்சா அப்புறம் தோக்கறது யாருங்கப்பா? அதுக்கும் ஆளு வேணுமில்ல?"

தங்கையாவுக்கு மகள்மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது.

இதற்கிடையில் பியாட்ரிஸ் கணவரை வழிக்குக் கொண்டுவந்தார். சண்டை போட்டுப் பயனில்லை, டிராதான் ஆகும் என்று தெரிந்துகொண்டு டிராவாகவே பேசினார். நீங்கள் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ளுங்கள், நானும் ஓர் உண்மையை ஒத்துக்கொள்கிறேன், சரிக்குச் சரி என்றார்.

"ஏனுங்க, முப்பது வருசமா எங்கூட்டு மீன் கொழம்பு மாதிரி நீலகிரியிலயே இல்லைனு சொல்லீட்டுத் திரியறீங்களே, அது நான் வெச்சதே இல்லீங்க. பக்கத்தூட்டு ஆண்டாயி வெச்சுக் குடுக்கறது. இப்ப நீங்க சொல்லுங்க. மணி அடிக்கறப்ப யாரு மொறை?"

ஞானசீலனுக்கு இரண்டு உண்மைகளில் எது அதிகமாக வலித்தது என்று தெரியவில்லை. கடைசியில், "என்ற மொறைதான்" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

இந்த வருடத் திருவிழா அன்று ஹாலில் நிற்க இடமில்லை. பிரியாணியை முன்கூட்டியே பரிமாறிவிட்டார்கள். மேனேஜர் ரிசார்ட் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாலுவின் மகன்கள் வெள்ளை வேட்டியோடு வந்திருந்தார்கள். தங்கையாவை வற்புறுத்தி யாரும் அழைத்துவரவில்லை; அவராகவே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சில்வஸ்டர் கூடையைத் தூக்கினார். காய்கள்மேல் தூசி படிந்திருந்தது. ஞானசீலன் எழுந்து நின்று, தீர யோசித்ததில் அது தன்னுடைய முறையாக இருக்க வாய்ப்பிருப்பதாகத் தெரிகிறது என்று அறிவித்தார். ஹால் கைதட்டியது. பொய்யை மூன்று வருடம் கழித்து வாபஸ் வாங்கினால் அதற்கும் கைதட்டல் உண்டு, ஆள் மட்டும் சரியான ஆளாக இருக்க வேண்டும். அவர் உட்கார்ந்து, ராஜாவை ஒரு கட்டம் விலக்கினார். தங்கையா அவருடைய சிப்பாயை வெட்டினார்.

வெட்டியதுமே ஊர் அசைய ஆரம்பித்துவிட்டது. மேனேஜருக்கு ஃபோன் வந்தது. மூன்றாவது நீதிபதி பேனா மூடியைக் கழற்றிவிட்டாராம். வேலியில் நின்ற காட்டெருமை ஒரு பின்னங்காலை உள்ளே எடுத்து வைத்தது என்று ஜன்னலோரம் நின்றவர்கள் சொன்னார்கள். பாலு வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்து மூத்த மகனின் காதில் ஏதோ சொன்னான். தங்கையாவின் சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதை ராணியாக்கும் வழி கற்றுக்குட்டிக்கும் தெரியும்: ராஜாவை முன்னால் விட வேண்டும், சிப்பாய் பின்னால் வர வேண்டும். சிப்பாயை முன்னால் தள்ளிவிட்டால் காரியம் கெட்டுவிடும். தங்கையாவின் கை ராஜாவுக்கு மேலே போய் நின்றது. தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது மன்றத்தின் விதி. தொட்டால் வெற்றி. காயைத் தொடாமல் மூன்று நிமிடம் அங்கேயே இருந்தது. அவர் ஹாலை ஒருமுறை பார்த்தார். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஜெயிக்கப்போகிறவர்களாக இருந்தார்கள். லயத்து ஆட்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். கருப்பம்மா கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையா கையை நகர்த்திச் சிப்பாயைத் தொட்டார். தொட்டதை முன்னால் தள்ளினார்.

"ஐயோ, அது தப்பு!" என்று நடுவராக இருக்க வேண்டிய சில்வஸ்டரே கத்திவிட்டார்.

"தொட்டாச்சுங்களே," என்றார் தங்கையா.

இன்னும் இரண்டு நகர்த்தலில் அது முடிந்தது. ஞானசீலனின் ராஜா கடைசி வரிசையில் நின்றது. அதன் மூக்குக்கு முன்னால் தங்கையாவின் சிப்பாய், சிப்பாய்க்குப் பின்னால் அவருடைய ராஜா. ஞானசீலனின் ராஜாவுக்கு ஆபத்தும் இல்லை, நகர ஒரு கட்டமும் இல்லை. மேனேஜர் வெற்றி என்று நினைத்துக் கைதட்டினார். சில்வஸ்டர் விதிப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, பத்து நிமிடம் தேடி வாசித்தார். அப்படிப்பட்ட ஆட்டம் டிரா. மேனேஜரின் கைதட்டல் பாதியில் நின்றது. நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டார் என்று மறுபடி ஃபோன் வந்தது. பாலு எழுந்து உட்கார்ந்து டீ கேட்பதாகவும் தகவல் வந்தது.

"இதெப்படி தங்கையா, போறதுக்கு எடமே இல்லையே?" என்று ஞானசீலன் பலகையையே பார்த்துக் கேட்டார்.

"ஆமாங்க சார். போக எடமில்ல. ஆனா யாரும் வெட்டவும் முடியாது. அப்படியே இருந்துக்க வேண்டியதுதான். எங்களுக்குப் பழக்கமுங்க."

ஞானசீலனுக்கு அது புரிந்ததா என்று சொல்ல முடியாது. தோற்க வேண்டிய ஆட்டத்தைத் தன் தற்காப்புத் திறமையால் காப்பாற்றியதாக அவர் இப்போதும் கோயில் முற்றத்தில் நின்று விளக்குகிறார். பியாட்ரிஸ் அதை மறுக்கிறார். இருவர் சொல்வதும் சமமாக நம்பும்படி இருக்கிறது. மீன் குழம்பு இப்போது ஒருநாள் இந்த வீட்டில், ஒருநாள் ஆண்டாயி வீட்டில். ஊர் இனிமேல் இப்படித்தான் என்று மெல்ல ஒப்புக்கொண்டது. வார்டின் இரண்டு கவுன்சிலர்களுக்கும் ஒரே பெஞ்ச் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

தங்கையா அன்று பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனார். கருப்பம்மா அவருக்கு முன்பே வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். ஹாலில் என்ன நடந்தது என்று அவளுக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை.

"ஜெயிச்சிருக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"ஒரு கட்டந்தான் பாக்கி," என்றார் தங்கையா. அந்த ஒரு கட்டத்தை நினைத்து அவர் அழுதார். கருப்பம்மா பார்த்தாள். எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம், என் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார், வெளியே சொல்லாதே என்றாள். சாயந்திரத்துக்குள் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் வெளியே சொல்லவில்லை.

அடுத்த வாரம், வழக்கு போட்ட நாளிலிருந்து கைவைக்காமல் விட்டிருந்த கூரைத் தகரங்களை லயத்து ஆட்கள் பிரித்துப் புதிதாக மாட்டினார்கள். முதலில் தங்கையாவின் வீடு. கம்பெனி ஆட்சேபித்து ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டியது. நோட்டீஸும் இருக்கிறது, தகரமும் இருக்கிறது. மழைக்கு ஒழுகுவதில்லை.